அப்பாவிடம் மிஞ்சிய ஆங்கிலம்

அம்பிட்டிய,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

அன்பு மகன் றஜீவுக்கு,

மாதாவின் கையில் உன்னை ஒப்படைத்துவிட்டு அம்மா எழுதுகிறேன். நாங்கள் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. இருக்கிறோம். அந்த ருமேனியாக் குளிரில் காதை மூடிக்கொண்டுதானே வேலைக்குப் போகிறாய்? தினேஸ் உன்னோடு ஒரே அறையில் இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல். உன் சமையல் முறை வரும் நாளில் கடையில் வாங்கிய வெறும் பாணோடு முடித்துவிடாதே. அந்தப் பிள்ளையும் வேலை செய்து களைத்து வருகிறவன்.

தினமும் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். அப்பாவின் கட்டிலை இப்போது முன் அறையில் போட்டிருக்கிறோம், அவர் டியூஷன் நடத்திய இடத்தில். நம் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அங்கே கேட்கும். பாரிசவாதம் அவருடைய வாயைத்தான் எடுத்துக்கொண்டது, காதை விட்டுவிட்டது. அவருக்குக் கேட்க அவரைப் பற்றியே உன்னிடம் பேச என்னால் முடியவில்லை. அதனால் குசினியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவிடம் படித்த பக்கத்து வீட்டு ஜெஸ்மின் இதைப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவாள். அவள் இப்போது டவுனில் பாமசியில் மருந்து கொடுக்கும் வேலை செய்கிறாள். வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் தன் வீட்டுக்குப் போகாமல் முதலில் இங்கேதான் வருகிறாள். அப்பாவைத் திருப்பிப் படுக்கவைக்க எனக்கு ஒரு கை வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

போனில் அரைகுறையாகச் சொன்ன நல்ல செய்தியை முழுதாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்பா பேசினார்.

ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த நாளிலிருந்து அவரிடம் 'ம்' என்ற சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது உனக்குத் தெரியும். டியூஷன் வாத்தியார் சுவக்கின் சேர் என்றால் புசல்லாவையிலிருந்து கண்டி டவுன் வரை தெரியாத ஆளில்லை. பேசியே பிழைத்த மனிதர். அவர் தண்ணீருக்கும் 'ம்', வலிக்கும் 'ம்' என்று கிடந்தார். போன கிழமை மழை அடித்து ஊற்றியது. ஜெஸ்மின் குடையை மடக்கிக்கொண்டு நனைந்துபோய் உள்ளே வந்தாள். அவளைப் பார்த்து அப்பா தெளிவாகச் சொன்னார்: "இட்ஸ் ரெய்னிங் கெட்ஸ் என்ட் டொக்ஸ்."

நான் கையிலிருந்த கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். ஜெஸ்மின் ஈர உடுப்போடு, பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து படித்த பழைய வாங்கில் போய் உட்கார்ந்து, "யெஸ் சேர்" என்றாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டாள்.

பிள்ளைகளுக்கு அவர் விரும்பி எடுக்கும் பாடம் அதுதானே. வெள்ளைக்காரன் மிருகங்களை வைத்துச் சொல்லும் மரபுத்தொடர்கள். மாரி மழை தொடங்கும் நாளில் பிள்ளைகளை ஜன்னல் பக்கம் அனுப்பி, எங்கேயாவது பூனையும் நாயும் வந்து விழுகிறதா என்று பார்த்துவரச் சொல்வார். ஒன்றும் விழவில்லை சேர் என்று அவர்கள் சிரித்துக்கொண்டு வந்த பிறகுதான், அடைமழைக்கு அவன் அப்படிச் சொல்வான் என்று விளக்குவார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அத்தனை வருடம் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டதில் சிலது எனக்கும் மனப்பாடம்.

அன்றிலிருந்து ஒவ்வொன்றாக வருகிறது. நான் அவசரப்பட்டு அவரைத் தூக்கியபோது "ஹோல்ட் யுவர் ஹோர்சஸ்" என்றார். குதிரையை இழுத்துப் பிடி, அவசரப்படாதே என்று அர்த்தமாம். கை கால் அசைக்கப் பயிற்சி கொடுக்க வரும் பையனிடம் "டில் த கௌஸ் கம் ஹோம்" என்றார். மாடுகள் தாமாக வீடு திரும்பும் வரை, அதாவது முடிவே இல்லாமல். அந்தப் பையன் சிங்களப் பிள்ளை. அவனுக்கும் புரிந்து, "சேர் நம்மள ஏசுறாரு" என்று சிரித்தான். தமிழில் ஒரு சொல்லும் வரவில்லை. என் பெயரும் வரவில்லை. பரவாயில்லை, வழி திறந்துவிட்டது, மற்றதெல்லாம் பின்னால் வரும் என்று நினைக்கிறேன்.

இனி நீ வியாழக்கிழமை போன் எடுத்த விஷயம். நீயும் அப்பாவும் ஒரே கூரையின் கீழ் வருடக்கணக்காகப் பேசாமல் இருந்தீர்கள். நீ ருமேனியாவுக்குப் புறப்பட்ட அன்றும் அவர் போர்டைத் துடைத்துக்கொண்டு நின்றார், நீ பேக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கினாய். அப்படிப்பட்ட நீ "அம்மா, போன அப்பா காதுல வைங்க" என்றபோது நான் ஓடிப்போய் அவர் காதில் போனை வைத்தேன். நீ "அப்பா" என்று கூப்பிட்டாய். அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு "லெட் ஸ்லீப்பிங் டொக்ஸ் லை" என்றார்.

தூங்குகிற நாயைத் தட்டி எழுப்பாதே. பழைய பிரச்சினையைக் கிளறாதே, கிடந்துவிட்டுப் போகட்டும். பக்கத்தில் நின்ற ஜெஸ்மின் போனில் உனக்கு அப்படி அர்த்தம் சொன்னதும் நீ அங்கே அழுதது எனக்கு இங்கே கேட்டது. அவர் உன்னை மன்னித்துவிட்டார் மகன். உன்னிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டார் என்றே நான் எடுத்துக்கொண்டேன். அடுத்த கிளினிக்கில் பஸ்லினா மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் அவர்தான். சின்ன வயது, ஆனால் பொறுமையான பிள்ளை.

இயேசு பாலன் பிறக்கும் நத்தாருக்குள் அவர் உன் பெயரைச் சொல்லிவிடுவார். அந்த நம்பிக்கையோடு முடிக்கிறேன். இரவில் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு படு.

உன் அம்மா,
பெற்றீசியா

*

அம்பிட்டிய,
சனி, மத்தியானம்.

என் மகன் றஜீவுக்கு,

ஆண்டவர் உன் காலடியைக் காப்பாராக. உன் மேற்பார்வையாளர் இன்னும் சத்தம் போடுகிறாரா? பொறுத்துக்கொள். புசல்லாவையிலிருந்து மாமா வந்து மரக்கறி கொடுத்துவிட்டுப் போனார். அப்பாவைப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றார்.

அம்மா, வீடியோவில் அப்பாவைக் காட்டுங்கள் என்று நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய். லைன் சரியில்லை என்றேன். தூங்குகிறார் என்றேன். ஜெஸ்மின் வரவில்லை, எனக்குப் போனைத் திருப்பத் தெரியாது என்றேன். அவ்வளவும் பொய். இனிச் சொல்லப் புதுப் பொய் என்னிடம் இல்லை.

கிளினிக்குக்குப் போனோம். த்ரீவீலில் அவரை நடுவில் வைத்து நானும் ஜெஸ்மினும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். பஸ்லினா மிஸ்ஸிடம் நான் வாய் நிறையச் சொன்னேன், சேர் பேசுகிறார் என்று. அவர் ஒரு கோப்பையைக் காட்டி இது என்ன என்று கேட்டார். அப்பா "ஹோல்ட் யுவர் ஹோர்சஸ்" என்றார். சாவியைக் காட்டினார். மாடு வீடு திரும்பும் கதை வந்தது. சீப்பைக் காட்டினார். அப்பா அந்தச் சீப்பைப் பார்த்து, அன்று உன்னிடம் சொன்ன அதே குரலில், "லெட் ஸ்லீப்பிங் டொக்ஸ் லை" என்றார்.

மிஸ் என்னை வெளியே கூட்டிப்போனார். "அம்மா, இது பேச்சு இல்ல. மூளையில பேசுற எடம் அடிபட்டுட்டுது. ஜெபம், பாட்டு, ஏச்சு, நெறய வருஷம் சொல்லிச் சொல்லிப் பழகின வசனம், இதெல்லாம் வேற எடத்துல கெடக்கும். அது தானா வெளிய வருது. அவர் ஒண்டு நெனைக்கிறார், வாய் இன்னொண்ட எடுத்துக் குடுக்குது. அர்த்தம் தேடாதீங்க" என்றார்.

"அப்ப மகனுக்குச் சொன்னது?" என்று கேட்டேன்.

அவர் கையிலிருந்த சீப்பைப் பைக்குள் வைத்தார். "மகனுக்கு அது ஆறுதல் எண்டா அப்படியே உட்டுருங்க" என்றார்.

விட்டுவிடத்தான் நினைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை உன்னிடமிருந்து மறைக்க வழியில்லை. அப்பாவிடமிருந்த வசனங்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. மழை பெய்தது, பூனையும் வரவில்லை, நாயும் வரவில்லை. அவரைத் தூக்கும்போது குதிரை வரவில்லை. ஜெஸ்மின் வாங்கில் உட்கார்ந்து பாதியைச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தாள், மீதியைச் சொல்லாமல் வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தார். ஏதோ கை தவறி விழுந்து உருண்டு போனதைப் பார்ப்பது போல. இப்போது ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது.

"ப்ளெக் ஷீப்."

நீ இதை வாசிக்கும்போது உன் பக்கத்தில் தினேஸ் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

தண்ணீருக்கு அதுதான். சோற்றுக்கு அதுதான். துடைத்துவிடும்போது வலித்தால் அதுதான். பாதர் பூசையின் நன்மை அப்பத்தைக் கொண்டுவந்து நாக்கில் வைத்தார், அதற்கும் அதுதான். பாதருக்கு நம் வீட்டுக் கதை தெரியாது, அவர் சிரித்துக்கொண்டே, "நாங்க எல்லாருமே காணாமப் போன ஆடுதானே சேர்" என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த நாளை நாம் மூவரும் இந்த வீட்டில் வாய்விட்டுப் பேசியதே இல்லை. ஓலெவல் சோதனையில் நீ இங்கிலீஷ் பெயிலாகி வந்த கிழமை. வகுப்பு நிறையப் பிள்ளைகள். கறுப்பு ஆடு என்றால் ஒரு குடும்பத்துக்கே பெயரைக் கெடுக்கிறவன் என்று அவர் விளக்கிவிட்டு, "உதாரணத்துக்குத் தூரப் போக வேணாம், அந்தா கடைசி வாங்குல இருக்கான்" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். குசினியில் இருந்த எனக்குச் சிரிப்புத்தான் முதலில் கேட்டது. பிறகு நீ எழுந்து என்னைத் தாண்டிப் பின் வாசலால் போனாய். அடுத்த மாதமே பல்லேகலயில் பெக்டரியில் சேர்ந்தாய். அதற்குப் பிறகு நீ முன் அறையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஜெஸ்மினிடம் இதை நான் சொன்னதில்லை. அவர் இந்த வார்த்தையையே சொல்கிறாரே, வகுப்பில் அடிக்கடி சொல்வாரா என்று மட்டும் கேட்டேன். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, "இல்லயே அன்ட்டி. மத்த எல்லா மிருகமும் சொல்லிக் குடுத்தாரு. இது எங்க வகுப்புல வரவே இல்ல. ஒரு தடவை பழைய சோதனைப் பேப்பர்ல வந்துச்சு, அந்தக் கேள்விய விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்கன்னு சொல்லிட்டாரு" என்றாள். அவள் வகுப்புக்கு வந்தது நீ எழுந்து போன அந்த நாளுக்குப் பிறகு.

பஸ்லினா மிஸ் சொன்னதை நினைத்துப் பார்க்கிறேன். நிறையத் தடவை சொன்னதுதான் மிஞ்சும் என்றார். அவர் இதை அன்றைக்குப் பிறகு வாய் திறந்து சொல்லவே இல்லை. அப்படியென்றால் மனதுக்குள் எத்தனை தடவை சொல்லியிருப்பார் மகன்? உன்மேல் கோபத்தில் சொன்னாரா, தன்னையே குத்திக்கொண்டு சொன்னாரா? மிஸ்ஸிடம் கேட்டேன். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்லை அம்மா என்று சொல்லிவிட்டார். கேட்க வேண்டிய ஆள் முன் அறையில்தான் கிடக்கிறார். கேட்டால் பதிலும் அதே வார்த்தைதான்.

வீடியோவில் பார்க்க வேண்டுமென்றால் சொல், காட்டுகிறேன். பார்த்தால் அவர் அதைத்தான் சொல்வார். வேண்டாமென்றாலும் அம்மாவுக்குப் புரியும். வேலைக்குப் போகாமல் மட்டும் இருந்துவிடாதே.

மாதா உன்னைத் தன் முக்காட்டுக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

அம்மா

*

அம்பிட்டிய,
திங்கள், காலை.

றஜீவ் மகனுக்கு,

நீ போனை எடுப்பதில்லை. தினேஸிடம் ஜெஸ்மின் பேசினாள். நீ வேலைக்குப் போகிறாயாம், வந்து படுத்துக்கொள்கிறாயாம், சாப்பாட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைக்கிறாயாம். உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன், அதற்கு ஆண்டவருக்கு நன்றி. இந்தக் கடிதத்தை நீ திறப்பாயோ என்னவோ, தினேஸாவது உனக்கு வாசித்துக் காட்டட்டும்.

நீ லைனை வெட்டிய பிறகு இங்கே நடந்தது உனக்குத் தெரியாது. தெரிய வேண்டும்.

அன்று நான் அவருக்குச் சவரம் செய்து, நீ முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பிய நீலச் சேட்டை மாட்டிப் பொத்தான் போட்டுவிட்டேன். தலையணையை அடுக்கி உட்காரவைத்தேன். ஜெஸ்மின் போனைப் பிடித்தாள். உன் முகம் வந்தது. தாடி வைத்திருக்கிறாய், நான் நினைத்ததைவிட மெலிந்திருக்கிறாய். அவர் நன்றாகப் பார்த்தார். கண் உன்மேல்தான் இருந்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. பிறகு சொன்னார். அதைத்தான் சொல்வார் என்று தெரிந்துதானே நீயும் வந்தாய். "ஆமாங்கப்பா" என்றாய். அவர் மறுபடி சொன்னார். "ஆமாங்கப்பா, நான்தான்" என்றாய். மூன்றாவது தடவை அவர் சொன்னபோது உன் முகம் மாறிவிட்டது. கூரை தெரிந்தது, பிறகு ஒன்றும் தெரியவில்லை.

நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. தெரிந்து கேட்பதற்கும் காதில் விழுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

அவர் நிறுத்தவில்லை. இருட்டாகிப்போன போனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஜெஸ்மின் போனை மடியில் மறைத்தாள், அவள் மடியைப் பார்த்துச் சொன்னார். குரல் ஏறிக்கொண்டே போனது. நம் வாசலில் நின்றுகொண்டு கீழே பஸ் ரோட்டில் போகிறவனைக் கூப்பிடுவது போல இருந்தது எனக்கு. ஜெஸ்மினுக்குத் திட்டுவது போல இருந்திருக்கலாம். நான் அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே, "வருவான், வருவான்" என்றேன். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. குரல் கம்மி அடங்கும் வரை சொன்னார். தெப்பமாக வேர்த்துவிட்டது, நீலச் சேட்டு நனைந்து உடம்பில் ஒட்டிக்கொண்டது.

அடுத்த நாள் காய்ச்சல். அதற்கு அடுத்த நாள் இடது கண் இறங்கிவிட்டது. பாரிசவாதம் இரண்டாவது தடவையும் வந்துவிட்டது என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். உன் போனால்தான் வந்தது என்று நீ நினைக்கக்கூடாது என்பதற்காகவே டொக்டரிடம் நேராகக் கேட்டேன். "இல்லம்மா, இது எப்படியும் வர இருந்ததுதான்" என்றார். அதை அப்படியே உனக்கு எழுதுகிறேன், நம்பு.

வோர்டில் இடம் இல்லை, இனி அங்கே வைத்துச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். மூக்கு வழியாகக் குழாய் போட்டிருக்கிறது. எப்படி ஊற்றுவதென்று தாதி சொல்லிக் கொடுத்தார். நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து புறப்படும்போது பஸ்லினா மிஸ் கட்டில் பக்கத்தில் வந்து நின்றார். கோப்பையும் காட்டவில்லை, சீப்பும் காட்டவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "இனி கிளினிக்குக்கு அலைய வேணாம் அம்மா, ஏதாவது எண்டா எனக்குக் கோல் எடுங்க" என்றார். அவர் வேலை முடிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

இப்போது ஒரு சத்தமும் இல்லை. பழைய 'ம்' கூட இல்லை. டியூஷனுக்கு வந்த பிள்ளைகளின் தாய்மார் சிலர் வந்து பார்த்துவிட்டு, வேறு சேரிடம் சேர்த்துவிட்டோம் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். வாங்குகளைக் கோவில் மறைக்கல்விக்குக் கொடுத்துவிட்டேன், அவரைக் கழுவித் துடைக்க இடம் வேண்டியிருந்தது. மனிதர் கண்ணைத் திறந்துகொண்டு கிடக்கிறார். காது கேட்கிறதா என்று இப்போது யாராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் ஜெஸ்மின் கேட்டைத் திறக்கும் சத்தத்துக்கு இமை அசைகிறது. எனக்கு அப்படித் தெரிகிறது. அர்த்தம் தேடாதே என்று சொல்லப்பட்டவள் நான், ஆனாலும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உன்னை வா என்று எழுத மாட்டேன். ஒப்பந்தத்தை உடைத்துவிட்டு வந்தால் திரும்பப் போக முடியாது என்று எனக்குத் தெரியும். ஒப்பந்தம் முடியும் வரை இவர் இருப்பார் என்று நான் சொல்லவும் இல்லை, இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதையும் நேற்றுப் பூசையில் விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒரு தடவை அங்கிருந்து எனக்குப் போன் எடு. வீடியோ வேண்டாம். அவருடைய இடது காதில் நான் போனை வைக்கிறேன். நீ பயப்பட இனி ஒன்றும் இல்லை மகன். அவரிடம் ஒரு வார்த்தையும் இல்லை. உனக்கு என்ன சொல்ல வருகிறதோ அதைச் சொல். ஏச வேண்டுமென்றால் ஏசு, அதற்கும் உனக்கு நியாயம் இருக்கிறது. ஒன்றும் சொல்ல வராவிட்டால் லைனில் சும்மா இரு. நீ மூச்சு விடுவது அவருக்குக் கேட்கட்டும். நான் எழுந்து குசினிக்குப் போய்விடுவேன், கதவைச் சாத்திக்கொள்வேன்.

சாப்பிடு மகன். நீ எடுப்பாய் என்று போனைச் சார்ஜில் போட்டு வைத்திருக்கிறேன்.

உன் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டு,
அம்மா